தூண்டிலோடு கரைக்குப் போகிறீர்களா? சிங்கப்பூரில் தண்ணீர் யாருடையது என்று அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாங்கியிலோ செம்பவாங்கிலோ தூண்டில் போட்டுக்கொண்டு நின்றால், மீன் கடிக்கிறதோ இல்லையோ, கேள்வி கேட்க ஆள் வந்துவிடும். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த தம்பிகள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பாக்கள், ஓய்வு பெற்ற பிறகு முதல் ராட் வாங்கிய அண்ணன்கள். முதலில் 'இங்கே போடலாமா?' என்பார்கள். கொஞ்ச நேரம் பேசினால் 'இந்தத் தண்ணீர் யாருடையது?' என்பதில் வந்து நிற்கும். அவர்களுக்குச் சொன்ன பதில்களைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. முப்பது வருடங்களாகக் கரையில் நிற்பவன், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் கடலைத் தனியார் சொந்தமாக்கிக்கொள்ள முடியுமா?

கடலடி நிலமும், ஏற்றத்தில் மூழ்கி வற்றத்தில் தலைகாட்டும் கரையும் அரசுடையவை. தீவின் நிலத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு அரசின் கையில் இருக்கும்போது இதில் வியப்பு ஒன்றும் இல்லை. கடலில் ஒரு துண்டை விலைக்கு வாங்கி வேலி போட்டவர் என்று நான் யாரையும் பார்த்ததில்லை. குத்தகைக்கோ உரிமத்தின் பேரிலோ எடுத்தவர்கள் உண்டு. உல்லாசப் படகு நிறுத்துமிடங்கள், கப்பல் பட்டறைகள், எண்ணெய் முனையங்கள், மீன் பண்ணைகள் எல்லாம் அப்படித்தான். இத்தனை வருடத்துக்கு, இன்ன வேலைக்கு என்று அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ள அவர்களுக்கு அனுமதி இருக்கிறது. தூண்டிலோடு போய் நிற்பவருக்கு இந்த வித்தியாசத்தால் பெரிய லாபம் இல்லை. குத்தகைக்காரர் போகச் சொன்னால் போக வேண்டியதுதான்.

அரசுடையது என்றால் பொதுச் சொத்துதானே? எங்கு வேண்டுமானாலும் போடலாமா?

எல்லாரும் இடறி விழும் இடம் இதுதான். அரசுடையது என்பதும் மக்களுக்குத் திறந்திருக்கிறது என்பதும் வேறு வேறு. ராணுவ முகாமும் அரசுடையதுதான், உள்ளே போய்ப் பந்து விளையாட முடியாதல்லவா?

பழைய கோட்பாடு என்னவோ நம் பக்கம்தான். ஓதம் (கடல் ஏற்றவற்றம்) ஏறி இறங்கும் நீரில் மீன் பிடிக்க எல்லாருக்கும் உரிமை உண்டு என்பது, வழக்கத்திலிருந்தும் தீர்ப்புகளிலிருந்தும் வளர்ந்த ஆங்கிலேயரின் பொதுச் சட்டம். இங்கிலாந்து மன்னர் ஒப்புக்கொண்ட 1215ஆம் ஆண்டின் உரிமைச் சாசனமான மேக்னா கார்ட்டாவிலேயே, தேம்ஸ், மெட்வே ஆறுகளில் நட்டு வைத்திருந்த மீன் தடுப்புகளை அகற்ற வேண்டும் என்று ஒரு வாசகம் இருக்கிறது. அதற்கும் வெகு முன்னால், 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் தொகுப்பித்த ரோமானியச் சட்டம் காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை நான்கையும் எல்லாருக்கும் பொது என்றது. ஆங்கிலச் சட்டம் 1826இல் அரச சாசனம் ஒன்றின் வழியாக இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் பொதுச் சட்டம் தரும் உரிமையை நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் சுருக்கலாம், எடுத்தும் விடலாம். இங்கே அதுதான் நடந்தது. கப்பல் பாதையைத் துறைமுகச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. கரையோரப் பூங்காவுக்குத் தேசிய பூங்காக் கழகத்தின் விதிகள். நீர்த்தேக்கத்துக்குப் பொதுப் பயனீட்டுக் கழகம். பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு உள்துறையும் ராணுவமும். கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம் அரசிடம் சேரும்போது, அந்த இடத்தில் முன்பு இருந்த பொது உரிமையும் தனியார் உரிமையும் சேர்ந்தே நீங்கிவிடும் என்று கடலோர நிலச் சட்டம் சொல்கிறது. சிங்கப்பூரின் பரப்பு 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டர், இன்று 730க்கும் மேல். கூடிய நிலத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் யாரோ வலை வீசிய தண்ணீர்.

ஆகவே இங்கே 'யாருக்குச் சொந்தம்?' என்று கேட்டுப் பயனில்லை. 'யார் பொறுப்பில் இருக்கிறது?' என்று கேளுங்கள். ஒவ்வொரு மீட்டர் கரைக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார்.

காத்தோங்கில் வீட்டுக்குப் பின்னாலேயே கடல் இருந்தது என்கிறார்களே, அந்தக் கடல் எங்கே போனது?

கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்கு அடியில் இருக்கிறது. பங்களாக்களின் பின்வாசலைத் திறந்தால் படிக்கட்டு நேரே தண்ணீரில் இறங்கும். பழைய படங்களில் பார்க்கலாம். 1966இல் அந்தக் கரையைத் தூர்க்கத் தொடங்கினார்கள். பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டிய மண்தான் கடலுக்குள் போனது. இருபது ஆண்டுகளுக்குள் 1,500 ஹெக்டருக்கு மேல் புது நிலம். கடல்முகப்பு போய்விட்டதே என்று வீட்டுக்காரர்கள் இழப்பீடு கேட்கவும் வழியில்லாமல் சட்டத்தை 1960களிலேயே திருத்தியிருந்தார்கள்.

இதை நான் இரண்டு விதமாகவும் பார்ப்பேன். சில நூறு வசதியான குடும்பங்களின் கொல்லைப்புறக் கடல் போய், யார் வேண்டுமானாலும் சைக்கிள் மிதிக்கலாம், சாத்தே சாப்பிடலாம், தூண்டில் போடலாம் என்று ஒரு கரை வந்தது. நானும் அங்கேதான் மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டேன், குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அதே கரையில் சிக்லாப் கம்பத்து (கிராமத்து) மீனவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் பங்களா இல்லை, படகுதான் இருந்தது. அவர்கள் பிழைப்பு நடந்த தண்ணீரும் அதே மண்ணுக்கு அடியில்தான் கிடக்கிறது.

பிடோக் படகுத்துறை தனியாருடையதாக இருந்தது என்பது உண்மையா?

உண்மை. 1966இல் ஒரு தொழிலதிபர் தன் பழைய இரும்பு வியாபாரத்துக்காக, ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளையும் தளவாடங்களையும் கப்பலிலிருந்து இறக்கக் கட்டியது. 1970களில் அது அரசின் கைக்கு வந்தது. சுமார் 250 மீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் நீளும் அந்தத் துறை, தூண்டில்காரர்களுக்குக் கோயில் மாதிரி ஆனது. அப்போலோ என்னும் பல முள் தூண்டில் போட்டுத் தம்பான் என்ற சிறு மீனைப் பிடிக்கும் சிறுவர்கள் ஒரு பக்கம், அந்தத் தம்பானையே இரையாகக் கோத்துத் தலாங்குக்குக் காத்திருக்கும் பெரியவர்கள் மறுபக்கம். தலாங் என்பது நம் ஊர்க் கட்டா மீனின் உறவுதான். இரவு இரண்டு மணிக்கும் அங்கே ஃபிளாஸ்க்கில் தேநீர் ஓடும்.

2024 இறுதியில் ஒரு கப்பல் மோதி, துறை சேதமடைந்து மூடப்பட்டது. நீங்கள் கிளம்பும் நாளில் திறந்திருக்கிறதா என்று தேசிய பூங்காக் கழகத்தின் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

உரிமம் வேண்டுமா?

கரையிலோ படகுத்துறையிலோ நின்று பொழுதுபோக்காகத் தூண்டில் போட உரிமம் வேண்டாம். பிடித்ததை விற்கத் தொடங்கினால் கதை வேறு. வெடியும் நஞ்சும் எங்கேயும் கூடாது.

காலாங் ஆற்றில் சின்ன வயதில் பிடித்தோம். இப்போது ஏன் கூடாது என்கிறார்கள்?

ஏனென்றால் அது இப்போது குடிநீர். 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. 350 மீட்டர் அகலமான வாய்க்காலைக் குறுக்கே அடைத்து, கடல் ஒரு பக்கம், ஆறுகள் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டார்கள். அதுவரை சிங்கப்பூர் ஆறு, காலாங் ஆறு, கேலாங் ஆறு எல்லாவற்றிலும் ஓதம் ஏறி இறங்கும், கடல் மீன் உள்ளே வரும். அணைக்கட்டு வந்த பிறகு தண்ணீர் மெல்ல நன்னீராகி, மரினா நீர்த்தேக்கம் ஆனது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை அங்கே வந்து சேர்கிறது.

இது முதல் முறையும் இல்லை. கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தை 1970களில் அடைத்தார்கள், கீழ் சிலேத்தாரை 1980களில், பொங்கோலையும் சிராங்கூனையும் 2011இல். இன்று 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் பல, ஒரு காலத்தில் உப்பங்கழியும் அலையாத்திக் காடுமாக இருந்த முகத்துவாரங்கள். மேலே சொன்ன பொதுச் சட்ட உரிமை ஓதம் ஏறும் நீருக்குத்தான். கதவைப் போட்டு ஓதத்தை நிறுத்திய அன்றே அந்த வாதமும் நின்றுபோகிறது. யாரும் நம்மிடமிருந்து எதையும் பிடுங்கியதாகத் தெரியாது. ஆறு அதே இடத்தில்தான் ஓடுகிறது, மீன்கூட இருக்கிறது. ஆனால் அது வேறு வகைத் தண்ணீராகிவிட்டது.

எனக்கு இதில் கோபம் கிடையாது. மலேசியாவிலிருந்து குழாயில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் ஊர் இது. குடிக்கும் தண்ணீரா, தூண்டிலா என்று கேட்டால் நானும் குடிக்கும் தண்ணீருக்குத்தான் கை தூக்குவேன். என் வருத்தம் சின்னது. இவ்வளவு நீளமான கரைகளில் தூண்டிலுக்கு ஒதுக்கிய பகுதிகள் இன்னும் கொஞ்சம் தாராளமாக இருந்திருக்கலாம்.

அப்படியானால் நீர்த்தேக்கத்தில் போடவே கூடாதா?

குறிப்பிட்ட இடங்களில் போடலாம். பிடோக், மெக்ரிச்சி, கீழ் சிலேத்தார், கிராஞ்சி போன்ற நீர்த்தேக்கங்களில் தூண்டிலுக்கென்று பகுதிகள் ஒதுக்கியிருக்கிறார்கள். கரை முழுவதும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பலகை வைத்த பகுதி மட்டும். இரையாகச் செயற்கை இரைதான் போட வேண்டும். இறால், புழு, சோத்தோங் (கணவாய்), ரொட்டி எதுவும் கூடாது, தண்ணீர் கெடும். வலையும் கூடாது. தப்பான இடத்தில் போட்டால் 3,000 வெள்ளி வரை அபராதம். அந்தக் காசுக்கு தேக்கா சந்தையில் எத்தனை வருடம் வஞ்சிரம் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

லோங்காங்கில், அதாவது மழைநீர்க் கால்வாயில்?

கூடாது. மழைக் கால்வாயும் நீர்த்தேக்கத்துக்குப் போகும் பாதைதான். பத்து நிமிட மழையில் தண்ணீர் மார்பு உயரத்துக்கு வந்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

கொண்டோமினியத்துக்கு முன்னால் இருக்கும் கடலோர நடைபாதையில் காவலாளி விரட்டினால்?

எனக்கே நடந்தது. ஊரைச் சொல்லவில்லை, கட்டடத்தின் பெயரையும் சொல்லவில்லை. மாலை ஆறு மணி, நல்ல ஏற்றம், மடவைக் கூட்டம் கரையோரமாகத் துள்ளிக்கொண்டிருந்தது. காவலாளி அண்ணன் வந்து, "இது தனியார் இடம், கிளம்புங்கள்" என்றார். எனக்கு ஆத்திரம். இது பொது நடைபாதை என்று அரை மணி நேரம் வாதாடினேன். வீட்டுக்குப் போய் விசாரித்தால், நான் சொன்னது சரிதான். நடைபாதை பொதுவானது, யார் வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனால் அந்த இடத்தில் மீன் பிடிக்க அனுமதி இல்லை. ஆக அவர் சொன்ன காரணம் தப்பு, முடிவு சரி. நடக்க உரிமை இருந்தால் தூண்டில் போட உரிமை இருக்கும் என்று நான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

செந்தோசா கோவ் மாதிரியான இடங்கள் வேறு. வீட்டின் பின்னாலேயே கால்வாய், கால்வாயில் சொந்தப் படகு. நிலம் 99 ஆண்டுக் குத்தகை. உள்ளே இருக்கும் நீர்வழி நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, வெளியாள் தூண்டிலோடு போய் நிற்க முடியாது. சிங்கப்பூரில் 'பணக்காரனின் தண்ணீர்' என்று சொல்லும்படி இருப்பது இதைப் போன்ற ஓரிரண்டு மூலைகள்தான்.

அமெரிக்காவில் தண்ணீருக்கே வேலி போடுகிறார்களாமே?

லூசியானா மாநிலத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் நிலைமை அங்கே தலைகீழாக இருக்கிறது.

மிசிசிப்பி ஆற்றின் கழிமுகத்தில் பல ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சதுப்பு நிலம். அதில் பெரும்பகுதியை மாநிலம் வெகு காலத்துக்கு முன்பே தனியாருக்கு விற்றுவிட்டது. அப்போது அது புல் முளைத்த நிலம். பிறகு எண்ணெய் கிடைத்தது. எண்ணெய்க் கிணற்றுக்குப் போக நிறுவனங்கள் கால்வாய் வெட்டின. வெட்டிய கால்வாய் வழியாக உப்பு நீர் உள்ளே ஏறி, புல் செத்து, மண் கரைந்தது. ஆற்றுக்குக் கரை கட்டியதால் புது வண்டலும் வரவில்லை. 1930களிலிருந்து இன்றுவரை கடலுக்குப் போன நிலம் ஏறக்குறைய 5,000 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல ஆறு மடங்குக்கும் மேல்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். பத்திரத்தில் நிலம், கண்ணுக்கு எதிரே திறந்த தண்ணீர். கடலிலிருந்து ஓதம் வருகிறது, மீன் வருகிறது, பின்னாலேயே படகும் வருகிறது. தூண்டில்காரர், "இது ஓடும் நீர், மாநிலச் சட்டப்படி ஓடும் நீர் பொது" என்கிறார். நிலக்காரர், "தண்ணீர் பொதுவாக இருக்கட்டும், அடியில் இருக்கும் மண் என்னுடையது, நீ அத்துமீறுகிறாய்" என்கிறார். கால்வாயின் வாயில் சங்கிலி போட்டு, பலகை தொங்கவிட்டிருக்கிறார்கள். எல்லை எங்கே இருக்கிறது என்று தண்ணீரில் கோடு தெரியாது. அப்பாவித்தனமாக உள்ளே போனவருக்கும் அத்துமீறல் வழக்கு வரலாம்.

நிலக்காரர் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு மீன் காரணம் இல்லை. நிலம் கரைந்து நீர்ப்பரப்பாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டால் அடிமண் மாநிலத்துக்குப் போய்விடும், கூடவே எண்ணெய், எரிவாயு உரிமையும் போய்விடும். ஒரு படகைச் சும்மா விட்டால், நாளை அதுவே தனக்கு எதிரான சாட்சியாகிவிடுமோ என்ற பயம். ஓதம் ஏறும் நீரின் அடிமண் மாநிலத்துக்கே உரியது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் பக்கத்து மாநிலமான மிசிசிப்பி வழக்கில் சொன்னது. ஆனால் தனியாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்யலாம். லூசியானாவில் 2018இல் பொதுமக்களுக்கு வழி திறக்க ஒரு மசோதா கொண்டுவந்து பார்த்தார்கள், தோற்றது.

அங்கே நிலம் தண்ணீரானது, தனியார் உரிமை ஒட்டிக்கொண்டே இருக்கிறது. இங்கே தண்ணீர் நிலமானது, எல்லா உரிமையும் துடைக்கப்பட்டு அரசிடம் போனது. எது நல்லது என்று கேட்டால், தூண்டில்காரனாக நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். இங்கே ஒரே ஒரு ஆளிடம் மனுப் போட்டால் போதும், ஆயிரம் பத்திரங்களைப் புரட்ட வேண்டாம்.

நம் ஊரில் கடல் எல்லாருக்கும் பொதுதானே? இங்கேதான் இத்தனை சட்டமா?

ஊரைப் பற்றி நமக்கு நினைவு கொஞ்சம் இனிப்பாகவே இருக்கும். தமிழ்நாட்டுக் கடற்கரையில் நீங்களோ நானோ போய்த் தூண்டில் போடுவதை யாரும் கேட்க மாட்டார்கள் என்பது சரி. ஆனால் தொழிலாக வலை போட வேண்டுமென்றால் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது, ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது. பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை. நல்ல இறால் கிடைக்கும் இடங்களை ஒருவரே பிடித்துக்கொள்ளாமல், முறை வைத்து மாற்றி மாற்றி வலை போடுவார்கள். பாடு உரிமை எந்த ஊர்களுக்கு, எந்தக் குடும்பங்களுக்கு என்பதும் வரையறுத்ததுதான். வெளியில் இருப்பவருக்கு இடம் இல்லை. பொது என்ற சொல்லுக்குள்ளும் வாசல் உண்டு.

தனியார் வந்து அடைத்த கதையும் ஊரில் உண்டு. 1990களில் நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகள் கடலோரமாக வரிசையாக முளைத்தன. நிலத்தடி நீர் உப்பானது, மீனவர்கள் கரைக்குப் போகும் பாதை அடைபட்டது. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த அந்தப் பண்ணைகளை அகற்றச் சொன்னது. அதே வாரத்தில் வேறொரு வழக்கில், கடற்கரையும் ஓடும் நீரும் மக்களுக்காக அரசிடம் ஒப்படைக்கப்பட்டவை, அரசு அவற்றுக்கு அறங்காவலர்தான் என்ற கோட்பாட்டையும் அது ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு சட்டத் திருத்தங்கள் வந்தன, பண்ணைகள் முழுவதுமாக ஒழிந்துவிடவில்லை.

கேலோங்குக்குப் பக்கத்தில், மீன் பண்ணைக்குப் பக்கத்தில் போடலாமா?

ஜோகூர் நீரிணையில் மிதக்கும் பண்ணைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமத்தில் நடக்கின்றன. கழி நட்டு மீனைத் திசைதிருப்பிப் பிடிக்கும் பழைய கேலோங்குகளை இப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். சிலவற்றில் கட்டணம் கொடுத்துத் தூண்டில் போட விடுகிறார்கள். அழையாமல் படகைக் கட்டிப் போட்டு ஏறாதீர்கள்.

கூண்டுக்குள் இருக்கும் கொடுவா பண்ணைக்காரருடையது, எடுத்தால் திருட்டு. கடலில் தன் பாட்டுக்குத் திரியும் மீன், பிடிபடும் வரை யாருடையதும் இல்லை. கூண்டு கிழிந்து வெளியே வந்த கொடுவா யாருடையது? அதைப் பற்றிக் கரையில் கேட்டால் எல்லாரும் சட்டென்று காது கேளாதவர்கள் ஆகிவிடுவார்கள்.

படகில் போனால் எவ்வளவு தூரம் போகலாம்?

நீரிணையின் நடுவே நாட்டு எல்லை ஓடுகிறது. 1927ஆம் ஆண்டு ஒப்பந்தமும் 1995ஆம் ஆண்டு ஒப்பந்தமும் அதை வரையறுத்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத கோடு, ஆனால் இரண்டு பக்கக் காவல் படகுகளுக்கும் நன்றாகத் தெரியும். 2018 அக்டோபரில் மலேசியா ஜோகூர் பாரு துறைமுக எல்லையை நீட்டியபோது துவாஸ் பக்கம் பெரிய பதற்றம். 2019 ஏப்ரலில் இரு நாடுகளும் பழைய எல்லைக்கே திரும்பின. மீனைத் துரத்திக்கொண்டு அந்தப் பக்கம் போகும் அளவுக்கு எந்தக் களவாயும் பெரிதில்லை. கப்பல் பாதையிலும் நங்கூரமிடும் இடங்களிலும் நிற்காதீர்கள்.

தெற்குத் தீவுகளுக்குப் போய்ப் பிடிக்கலாமா?

தீவைப் பொறுத்தது. சூடோங், பாவாய், செனாங் தீவுகளில் ராணுவம் சுட்டுப் பயிற்சி செய்கிறது. பக்கத்தில் போகவே கூடாது. சிஸ்டர்ஸ் தீவுகள் 2014 முதல் நாட்டின் முதல் கடல் பூங்கா, அங்கே தூண்டில் கிடையாது. செமாக்காவ் 1999 முதல் குப்பைச் சாம்பல் கொட்டும் இடம்.

செமாக்காவிலும் சூடோங்கிலும் ஒரு காலத்தில் கம்பங்கள் இருந்தன. தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழ்ந்த மலாய்க் குடும்பங்களைத் முதன்மைத் தீவின் அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். அவர்களில் சில பேர் இன்றும் வெஸ்ட் கோஸ்ட்டிலிருந்து படகு எடுப்பார்கள். எந்தப் பாறையில் எந்த ஓதத்துக்கு என்ன மீன் நிற்கும் என்று அவர்களிடம் கேட்டால் தெரியும். அவர்களுடைய கடலுக்கும் பத்திரம் இருந்ததில்லை. என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷ்காரர்கள் போகும்வரை அந்தக் கரையில் எங்கே நிற்கலாம் என்பதை வெள்ளைக்காரச் சிப்பாய்தான் சொல்வான் என்பார்.

ஏன் நல்ல இடங்கள் மூடிக்கொண்டே போகின்றன?

பாதி காரணம் திட்டமிடல், பாதி காரணம் நாம். பின்னால் பார்க்காமல் ராட் வீசி, ஓடிக்கொண்டிருந்தவரின் தோளில் தூண்டில் முள் மாட்டியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அறுந்த தூண்டில் நரம்பில் காலைச் சிக்கவைத்துக்கொண்ட கொக்கு, முள்ளை விழுங்கிய ஆமை. இறால் தலை நாறும் பிளாஸ்டிக் பை. புகார் போவது இதனால்தான். புகார் வந்தால் அதிகாரிக்கு எளிய வழி ஒரு பலகை வைப்பது. பலகை வந்த பிறகு 'பொது உரிமை' என்று பேசுபவர்களில் பாதிப் பேர் அந்தப் பையைக் குனிந்து எடுத்ததில்லை.

இயற்கை வனப்பகுதிகள் வேறு கணக்கு. சுங்கை பூலோவும் லாப்ரடோரும் 2002இல் அந்தத் தகுதி பெற்றவை. அங்கே அனுமதி இல்லாமல் மீன் பிடித்தால் 50,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. சுங்கை பூலோவின் அலையாத்தி வேர்களுக்குள் குஞ்சு பொரிக்கும் மீன்தான் பிறகு நம் தூண்டிலுக்கு வருகிறது. அதை மூடி வைத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஓர் இடத்தில் போடலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் பலகையைப் பாருங்கள், மீன் படத்தின் மேல் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று. பலகையே இல்லை என்றால் அனுமதி என்று அர்த்தமில்லை. பூங்காவாக இருந்தால் தேசிய பூங்காக் கழகத்தின் பட்டியல், நீர்த்தேக்கமாக இருந்தால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பட்டியல், இரண்டுமே அவர்களுடைய இணையப் பக்கங்களில் இருக்கின்றன. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்கள் "நாங்கள் இருபது வருடமாக இங்கேதான் போடுகிறோம்" என்பார்கள், அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். இருபது வருடத்தில் கரை மாறியிருக்கும், சில இடங்களில் தண்ணீரே மாறியிருக்கும்.

அதிகாரி வந்து நிறுத்தச் சொன்னால்?

நிறுத்துங்கள். எந்த விதி, எந்த எல்லை வரை என்று மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், பெரும்பாலும் சொல்வார்கள். பக்கத்தில் போடலாம் என்ற இடத்தையும் அவர்களே காட்டுவார்கள். உட்லண்ட்ஸில் ஒரு முறை அப்படிக் காட்டிய இடத்தில்தான் எனக்கு நான்கு கிலோ கொடுவா கிடைத்தது. அந்த அதிகாரி சீனர், நல்ல மனிதர். மீனைப் பார்த்துவிட்டு, எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டார். புளி கரைத்த குழம்பு என்றேன். ஆவியில் வேகவைக்க வேண்டிய மீனைக் கெடுக்கிறீர்களே என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.